நான் வெட்டி எடுத்த நான்கு தாள்கள்

என் மகள் நிவேதாவின் கணுக்காலுக்கு மேலே முதல் நீலத் திட்டைப் பார்த்த அன்று நான் அவளைத் திட்டினேன். சைக்கிளை எங்கேயோ இடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் முழங்கையில் ஒன்று வந்தது, தோளில் ஒன்று வந்தது. பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. மாலையில் டியூஷனுக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் சொல்லும் சாக்கு என்று அதையும் எடுத்துக்கொண்டேன். "நடிக்காம எழுந்து போ" என்றேன். எழுந்து போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் படி இறங்கியதைப் பார்த்தும் சும்மா இருந்தேன்.

இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இது முதலாவது. இருப்பதிலேயே சிறியதும் இதுதான்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மிகவும் குறைந்திருந்தது. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். ஏ.எல்.எல். என்றார்கள் (முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்). குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் நீளும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நான் கேட்ட முதல் கேள்வி, "இது அவளுக்குத் தெரியாம பாத்துக்க முடியுமா டாக்டர்?" என்பதுதான்.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு சார். நீங்க சொல்லலைன்னா ஃபைலை எடுத்துப் படிச்சுக்குவா. உங்களைவிட அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்" என்றார் அவர்.

அப்படித்தான் நடந்தது. நான் சொல்லவில்லை, அவள் படித்துக்கொண்டாள். படித்ததை எங்களிடம் காட்டிக்கொள்ளவும் இல்லை.

உறவினர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொன்னோம். நாளை பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு உயிர் தங்குமா என்று தெரியாதபோது, அவள் கல்யாணத்தை நினைத்துப் பொய் சொன்ன தகப்பன் நான். உப்பிலியபுரத்திலிருந்து என் அக்கா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறி எடுத்துக்கொண்டு வந்தார். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, அவர் கிளம்பியதும் குப்பையில் போட்டேன்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பு அந்தத் தொழில் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடியது. வீடு எடமலைப்பட்டி புதூரில். ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடையும் புத்தக பைண்டிங்கும் வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் நிறைய வரும். கோயில் கைங்கர்யக்காரர்கள் வீட்டுப் பாராயணப் புத்தகங்களும் வரும். "ஒரு ஏடும் விட்டுப்போகப்படாது, பகவத் சொத்தாக்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று ஒவ்வொரு பக்க எண்ணாகப் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு தாள்கூட விட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இருந்தது.

வளரிளம் பிள்ளைகளுக்கான வார்டில் ஒரு புத்தக அலமாரி இருந்தது. மனநல ஆலோசகர் ஜெனிபர் மேடம் சேர்த்து வைத்தது. "படிச்சே ஆகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. கை எட்டுற தூரத்துல இருக்கட்டும், அவ்வளவுதான்" என்பார். நான் நிவேதாவுக்கு எடுத்துப் போனது பத்தாம் வகுப்பு வினாவங்கிப் புத்தகம். வாந்தி எடுக்கும் பெண்ணின் தலையணைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அவள் அதன்மேல் மருந்து டம்ளரை வைத்துக்கொண்டாள். நல்ல உபயோகம்தான்.

முதல் மாதம் அவள் எதையும் படிக்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கி, பசியும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. கண் ஒரு வரியில் நிற்கவில்லை. இதே நிலையில் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த மாதத்தில் புத்தகத்தை நீட்டிக்கொண்டே இருக்காதீர்கள். மருந்து மாதிரி வேளை பார்த்துக் கொடுத்தால் அதுவும் கசக்கத்தான் செய்யும்.

நிவேதாவைப் படிக்க வைத்தது நாங்கள் யாருமில்லை, பக்கத்துப் படுக்கையில் இருந்த சுபா. வையம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். பதினேழு வயது. காலெலும்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோவுக்கு (புற்று அணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) வருவாள். கூட அவள் அம்மா செல்வி இருப்பார். நிவேதாவுக்கு வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாத நாட்களில், சுபா உரக்கப் படித்துக் காட்டினாள். நாவலில் மாமியார் பேசினால் இவளும் மாமியார் குரலில் பேசுவாள். சிரித்தால் புண் வலிக்கும் என்று நிவேதா கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சிகிச்சை தொடங்கிய பிறகு என் மகளின் கண்ணில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

அலமாரிப் புத்தகங்கள் பலதும் கிழிசல். போதாக்குறைக்குக் கிருமி பயம். நியூட்ரோபீனியா (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்த நிலை) உள்ள பிள்ளைகள் தொடும் எதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். காகித அட்டையைத் துடைத்தால் இரண்டு நாளில் கூழாகிவிடும். "நான் எல்லாத்தையும் பைண்ட் பண்ணி ரெக்சின் அட்டை போட்டுத் தரேன் மேடம், துடைச்சாலும் ஊறாது" என்றேன். அன்றிலிருந்து வார்டில் எனக்குப் பேர் 'பைண்டிங் அங்கிள்'. பெற்றோர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது.

புத்தகத்தின் கடைசியில் நான்கு காலித் தாள் வைத்துத் தைப்பது எங்கள் கடை வழக்கம். வார்டுப் பிள்ளைகள் அதை விட்டுவைக்கவில்லை. படித்து முடித்தவர்கள் அடுத்து வருபவருக்கு எழுத ஆரம்பித்தார்கள். "கீமோ அன்னைக்கு இதைப் படிக்காதீங்க, நாலாவது அத்தியாயத்துல பிரியாணி வருது" என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. "எனக்கு முடி கொட்டினப்ப இதைத்தான் படிச்சேன். ரெண்டுமே மோசம்" என்று இன்னொன்றில். ஜெனிபர் மேடம் அந்தத் தாள்களைத் திருத்தவோ அடிக்கவோ யாரையும் விடவில்லை. "அது அவங்க இடம்" என்றார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசியிலிருந்து புரட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். யாராவது சாகிறார்களா என்று தேடினேன். ஒரு நாவலில் கதாநாயகியின் தம்பி காய்ச்சலில் இறக்கிறான். பன்னிரண்டு பக்கம், ஆறு தாள். அதை நிவேதா படித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தையலைப் பிரித்தேன். ஆறு தாளையும் எடுத்தேன். அவற்றோடு ஒரே மடிப்பில் இருந்த ஜோடித் தாள்கள் கழன்றுவிடாமல் ஒட்டி, மறுபடியும் தைத்து, ரெக்சின் போட்டேன். பக்க எண்ணைப் பார்க்காதவர்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியே இன்னும் நாலைந்து புத்தகங்களில் கைவைத்தேன். மனைவி மல்லிகா ஒரு நாள் கடையில் பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க? அது அவங்க புத்தகம்."

"உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு" என்றேன்.

நிவேதா ஒரு வாரத்தில் கேட்டாள். "அப்பா, இதுல நூத்தி நாப்பத்தெட்டுக்கு அப்புறம் நூத்தி அறுபத்தொண்ணு வருது. அந்தத் தம்பி என்ன ஆனான்னே தெரியல."

"பழைய புத்தகம்மா. விழுந்திருக்கும்."

அவள் சுபாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் தம்பி எங்கே போனான் என்று இரண்டு பேரும் பல நாள் பேசினார்கள். ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்பாள் ஒருத்தி. அப்படியென்றால் அக்கா ஏன் அவன் சட்டையை மடித்து வைக்கிறாள் என்பாள் மற்றவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிட் பட்டுப் பட்டு அந்தப் புத்தகத்தின் ரெக்சின் ஓரம் உரிந்தது. சுபாதான் அதை என் கையில் கொடுத்தாள். "அங்கிள், கடைசியில எழுதியிருக்கேன். நீங்க படிச்சுப் பாருங்க." சரிம்மா என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கடையில் பிரித்தேன். நான்கு காலித் தாளும் நிரம்பியிருந்தன. பச்சை மை. ஓரம்கூட விடாமல், தையல் வரை முட்டி எழுதியிருந்தாள். முதல் வரி: "தம்பி செத்துப்போன அன்னைக்கு மழை பெஞ்சுச்சு." அதற்கு மேல் நான் படிக்கவில்லை. நான் ஆறு தாளை எடுத்தால் இவள் நான்கு தாள் எழுதி அதே சாவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாளே என்று, நோயில் கிடக்கும் அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஸ்கேலை வைத்து பிளேடால் வெட்டினேன். மிஞ்சிய விளிம்பின்மேல் புதுத் தாள்களை ஒட்டினேன். வெட்டியதைக் கழிவுப் பேப்பர் மூட்டையில் போட்டேன். சனிக்கிழமை பேப்பர்க்காரர் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சுபா டிஸ்சார்ஜ் ஆகியிருந்தாள். நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி வீட்டிலேயே வலிக்கு மட்டும் மருந்து என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதத்தில் அவள் போய்விட்ட செய்தியை ஜெனிபர் மேடம் எனக்குச் சொன்னார். நிவேதாவிடம் நான் மூச்சு விடவில்லை. சுபா ஊரில் நன்றாக இருக்கிறாள், போனில் சிக்னல் இல்லையாம் என்றேன். "சரிப்பா" என்றாள். அவளுக்கு எனக்கு முன்பே தெரியும், சுபாவின் போனிலிருந்து செல்வியே அழைத்துச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அழுவதைக்கூட அவள் நான் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

நிவேதாவுக்குத் தீவிர சிகிச்சை முடிந்து, பராமரிப்புச் சிகிச்சை (நோய் திரும்பாமலிருக்கத் தினமும் மாத்திரை, இடையிடையே ஊசி) தொடங்கியது. வீட்டுக்கு வந்துவிட்டாள். தலையில் பூனைமுடி மாதிரி முளைத்தது. எங்களுக்கு நல்ல காலம் தொடங்கியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், செல்வி என் கடை வாசலில் வந்து நின்றார். வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தார்.

"அண்ணே, பாப்பா ஒரு புத்தகத்துல எழுதினேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. உங்ககிட்ட குடுத்துச்சாமே. புத்தகம்கூட வேணாம்ண்ணே. அது எழுதின தாளை மட்டும் ஒருதரம் பாத்துட்டுத் தந்துடறேன். ஸ்கூல் நோட்டையெல்லாம் அது போனதுக்கப்புறம் பெட்டியோட எரிச்சுட்டாங்க. வீட்டுல அது எழுத்து ஒண்ணுமே இல்லை."

"வார்டுல இருக்கும்மா. தேடிச் சொல்றேன்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பினேன். அவர் ஜன்னல் வழியாகக் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

செல்வி வார்டுக்கும் போன் செய்து கேட்டிருக்கிறார். ஜெனிபர் மேடம் அலமாரியிலிருந்து புத்தகத்தைத் தேடி எடுத்து, கடைசித் தாள்கள் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் குழம்பி, ஊசிக்கு வந்த நிவேதாவிடம் கொடுத்தனுப்பினார். என் மகள் அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். பைண்டிங் கடையில் வளர்ந்த பெண். புத்தகத்தை முதுகு விரிய மடக்கி, புதுத் தாளை நகத்தால் நெம்பினாள். அடியில் அரை விரல் அகலத்துக்குப் பழைய விளிம்பு இருந்தது. அதன் ஓரமாகப் பச்சை மையில் எழுத்துகளின் நுனிகள் இருந்தன. ஒரு கொம்பின் வளைவு, ஒரு புள்ளி, ஏதோ ஒரு எழுத்தின் கால்.

"கிழிஞ்சா இப்படி நேரா இருக்காதுப்பா. இது பிளேடு."

மல்லிகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"படிச்சீங்களா?" என்று கேட்டாள் நிவேதா.

"இல்லம்மா."

"எதையுமா?"

"முதல் வரி."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. "அவங்க அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் கூட வரேன், ஆனா நீங்கதான் சொல்லணும்" என்றாள். ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, மறு வாரம் கிளம்பினோம். போகும் வழியெல்லாம், தாள் தானாக விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

செல்வியின் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் சொன்னேன். என் மகள் பயப்படக்கூடாது என்று வெட்டினேன், குப்பையில் போட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன எழுதியிருந்துச்சுன்னாவது சொல்லுங்க" என்றார்.

"நான் படிக்கலைம்மா."

அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள் நிவேதா. "எழுதுறப்ப எனக்குப் படிச்சுப் படிச்சுக் காட்டினா. மூணு தரம் மாத்தி எழுதினா." என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, நான் ஒட்டிய புதுத் தாளில், பச்சை மைப் பேனாவில் எழுத ஆரம்பித்தாள். பேனாவை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். எழுதியதைச் சத்தமாகவும் சொன்னாள். தம்பி செத்த அன்று மழை, அக்கா அவன் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்க மறந்தது, மறுநாள் அது நனைந்து கிடந்தது, அவள் அதைப் பிழிந்து மறுபடியும் காயப் போட்டது. அவ்வளவுதான். பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

கடைசித் தாளுக்கு வந்ததும் நிவேதா நிறுத்தினாள்.

"இது உங்களுக்கு எழுதினதுப்பா."

அவள் எழுதி என்னிடம் நீட்டியது இது:

"பைண்டிங் அங்கிளுக்கு. அந்த ஆறு தாளும் தானா விழலைன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க பயந்துட்டீங்க, பரவால்ல. ஆனா அந்தத் தம்பியை நாங்க ரெண்டு பேரும் பதினெட்டு நாள் தேடினோம். செத்துட்டான்னு இருந்திருந்தா அழுதுட்டு அடுத்த பக்கம் போயிருப்போம். அடுத்த தடவை முழுசா தைச்சுக் குடுங்க. இப்படிக்கு, சுபா."

செல்வி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். புதிதாக எழுதிய பக்கங்களைப் பார்க்கவில்லை. புதுத் தாளை விலக்கி, அந்த விளிம்பில் இருந்த பச்சை நுனிகளை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். திரும்பவும் மேலே போய்த் தடவினார். பிறகு எழுந்து நிவேதாவுக்குச் சுடச்சுட இட்லி வைத்தார், கொதித்து ஆறிய தண்ணீர் கொடுத்தார். எனக்கும் தட்டு வந்தது. ஆனால் கிளம்பும்போது அவர் "வா தாயி, அடிக்கடி வா" என்று சொன்னது நிவேதாவிடம் மட்டும்தான்.

இதைப் படிக்கிற பெற்றோருக்குப் பெரிதாக அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்கள் பிள்ளை எதைப் படிக்கிறதோ படிக்கட்டும். அழுதால் பக்கத்தில் இருங்கள். பயம் அவர்களுடையதா, உங்களுடையதா என்று கை வைக்கும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நிவேதாவுக்கு இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கிறோம். முடி முன்னைவிடச் சுருளாக வளர்ந்திருக்கிறது. வார்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறாள். மாமியார் குரல் அவளுக்கு அவ்வளவாக வருவதில்லை. நான் புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறப்பதை விட்டுவிட்டேன். டாக்டரிடம் ஐந்து வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். தைக்கும்போது என் கட்டைவிரல் தானாகவே தாள்களை எண்ணுகிறது. தூக்கத்திலும் எண்ணுகிறது என்கிறாள் மல்லிகா.

நான் பிரித்த எல்லாப் புத்தகங்களுக்கும் வேறு பிரதி தேடி, விடுபட்ட பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, மறுபடியும் வைத்துத் தைத்துவிட்டேன். அந்தத் தம்பி இறந்துபோகும் ஆறு தாளும் அதில் உண்டு. நான்கு தாளுக்கு மட்டும் உலகத்தில் எங்கும் வேறு பிரதி இல்லை.

சனிக்கிழமை பேப்பர்க்காரர் வரும்போது நான் இன்னும் மூட்டையைக் கவிழ்த்து, பச்சை மை தெரிகிறதா என்று பார்க்கிறேன். அவருக்கு விஷயம் தெரியாது. ஓரமாக நின்று, நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்.